பெரிய டயர் யாருக்கு வேண்டும்?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரியின் லாரி அலுவலகங்கள், திருச்செங்கோட்டிலிருந்து வட மாநிலங்களுக்குக் கிளம்பும் ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகள், மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர்கள் என்று சேலம், நாமக்கல் சமவெளியின் பிழைப்பில் பெரும்பங்கு ரப்பர் சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. ஆகவே டயரைப் பற்றிச் சொந்தக் கருத்து இல்லாதவரை இங்கே காண்பது அரிது. அந்தக் கருத்துகளுள் மிகப் பரவலானது, கம்பெனி கொடுத்ததைவிட ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் வண்டி கூடுதல் லோடு தாங்கும், டயர் நீண்ட நாள் உழைக்கும், டீசலும் மிச்சமாகும் என்பது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால், பெரிய டயர் நிஜமாகவே பயன்தருவது இரண்டே நிலைகளில்தான்: வண்டியின் சுமைச் சங்கிலியில் டயரே பலவீனமான கண்ணியாக இருக்கும்போது, அல்லது பெரிதாக்கிய டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டும்போது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் சுமையை டயரிடமிருந்து வாங்கி வேறொரு பாகத்தின் தலையில் வைக்கிறோம், அவ்வளவே.

முதலில், சுமையைத் தாங்குவது எது? ரப்பரும் நைலானும் எஃகுக் கம்பியும் சேர்ந்து செய்திருப்பது ஒரு பை மட்டுமே. பெரும்பகுதிச் சுமையைத் தாங்குவது அந்தப் பைக்குள் அடைபட்ட காற்று. லாரி டயர் ஒன்றில் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு காற்று அடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.4 கிலோ. அந்த டயர்மேல் 2,725 கிலோ இறங்கினால், அதைத் தாங்கத் தரையில் பதிய வேண்டிய பரப்பு ஏறத்தாழ 325 சதுர சென்டிமீட்டர். பள்ளிப்பிள்ளையின் சின்ன நோட்டுப் பக்கம் ஒன்றின் அளவு அது. 18.5 டன் எடையுள்ள இரண்டு அச்சு லாரி முழுவதும் கால் சதுர மீட்டருக்கும் குறைந்த இடத்தில் நிற்கிறது. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் தாங்கும் என்பதால் இந்தக் கணக்கு துல்லியமானதல்ல, ஆனால் போகும் திசை சரி. இதே சுமையையும் இதே அழுத்தத்தையும் வைத்துக்கொண்டு இன்னும் பெரிய டயரைப் போட்டால், தரையில் பதியும் பரப்பு கிட்டத்தட்ட அதேதான். பரப்பைத் தீர்மானிப்பவை சுமையும் காற்றழுத்தமும்; டயரின் உருவம் அந்தப் பரப்பின் வடிவத்தை நீளமாகவோ அகலமாகவோ மாற்றும். பெரிய டயரின் தனிச்சிறப்பு, அதே சுமையைக் குறைந்த அழுத்தத்தில் தாங்க முடியும் என்பதே. உள்ளே காற்றுக்கு இடம் கூடுதல். அழுத்தத்தைக் குறைக்காமல் பெரிய டயர் போடுகிறவர் அந்தச் சிறப்பைக் காசு கொடுத்து வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமல் விடுகிறார்.

'பெரிது' என்பதும் நாம் நினைப்பதுபோல ஒற்றைப் பொருள் உடையதில்லை. பல ஆண்டுகளாக நம் லாரிகளின் பொதுவான சைஸாக இருந்தது 10.00ஆர்20. இதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 1,055 மில்லிமீட்டர். புதிய வண்டிகளில் அதிகம் வருவது 295/90ஆர்20. அகலம் 295 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 90 விழுக்காடு, டிஸ்க்கின் விட்டம் 20 அங்குலம். கூட்டிப் பார்த்தால் வெளிவிட்டம் 1,039 மில்லிமீட்டர்தான் வருகிறது. டியூப்லெஸ் வண்டிகளில் வரும் 295/80ஆர்22.5-ல் டிஸ்க் இரண்டரை அங்குலம் பெரிது, ஆனால் வெளிவிட்டம் 1,044 மில்லிமீட்டருக்குள். எண்ணைப் பார்த்தால் 22.5 பெரிதாகத் தெரியும். சக்கரமாக நிறுத்திப் பார்த்தால் பழைய 10.00-ஐவிட ஒரு சென்டிமீட்டர் குட்டை. அகலம், உயரம், டிஸ்க், சுமைத்திறன் ஆகிய நான்கும் தனித்தனியே மாறக்கூடியவை. டயர்க் கடையில் 'பெரிய சைஸ்' என்று கேட்பவர் இவற்றுள் எதைக் கேட்கிறார் என்பதை அவரே முடிவு செய்தாக வேண்டும். வாகனப் பொறியாளர்கள் செய்ததைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: உயரத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டு சுமைத்திறனை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. எட்டு டயர் உள்ள இரட்டை அச்சுக்கு 19 டன் 21 டன் ஆனது. இப்போது டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சுமை எண்ணைப் பாருங்கள். 16 பிளை 10.00ஆர்20 ரேடியலில் பொதுவாக 146/143 என்றிருக்கும். 146 என்றால் தனி டயராக 3,000 கிலோ. 143 என்றால் ஜோடியாகப் போடும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோ. நான்கைக் கூட்டினால் 10,900 கிலோ. பழைய 10.2 டன் வரம்புக்கு அது போதும், புதிய 11.5 டன்னுக்குப் போதாது. இங்கேதான் டயர் பலவீனமான கண்ணியானது. ஜோடியில் 145 என்ற எண் உள்ள டயர் 2,900 கிலோ தாங்கும், நான்குக்கு 11,600. 148 என்றால் 3,150 கிலோ, நான்குக்கு 12,600. ஆகவே புதிய வரம்பில் ஓட வேண்டிய வண்டிக்குச் சுமைத்திறன் கூடிய டயர் தேவை என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் அச்சுச் சுமை பற்றிய 1996-ஆம் ஆண்டின் மூல அறிவிக்கையிலேயே உள்ள ஒரு நிபந்தனையை லாரித் தொழிலில் இருப்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். வண்டித் தயாரிப்பாளர் சான்று பெற்ற எடை, அட்டவணையில் அரசு சொன்ன எடை, பொருத்தியுள்ள டயர்கள் தாங்கும் எடை என்ற மூன்றில் எது குறைவோ அதுவே அந்த வண்டியின் சட்டப்படியான சுமை. டயரை மாற்றினால் மூன்றாவது எண் மட்டும்தான் நகரும். முதல் எண் சேஸிஸ், ஸ்பிரிங் பட்டைகள், ஹவுசிங், ஹப் பேரிங், பிரேக் டிரம் ஆகியவற்றைச் சேர்த்துச் சோதித்துக் கொடுத்தது. 12,600 கிலோ தாங்கும் டயர்களைப் பழைய 10.2 டன் அச்சில் மாட்டினாலும் அந்த அச்சு 10.2 டன் அச்சாகவே இருக்கும். மேலே ஏற்றிய மிச்சத்தைத் தாங்குவது பட்டையும் பேரிங்கும். இவை டயரைப்போல வெடித்துச் சத்தம் போடுவதில்லை. மெல்லத் தேய்ந்து, ஒருநாள் நடுச்சாலையில் உடைகின்றன.

சாலையும் இந்தக் கணக்கில் ஒரு தரப்பு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே சாலைகளைப் போட்டு, 1958 முதல் 1960 வரை அவற்றின்மேல் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்த பெருஞ்சோதனையிலிருந்து ஒரு விதி கிடைத்தது: சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கில் பெருகும். 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்கு ஏறும்போது சுமை கூடுவது 13 விழுக்காட்டுக்கும் குறைவு; சேதம் கூடுவது 60 விழுக்காட்டுக்கு மேல். அதே அச்சில் 15 டன் ஏற்றினால் சேதம் நாலரை மடங்கைத் தாண்டும். அச்சில் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதைத்தான் சாலையின் அடியடுக்குகள் உணர்கின்றன. மேலே இருப்பது அகன்ற டயரா, ஒல்லி டயரா என்ற வேறுபாடு தார்ப்பரப்பின் மேல் சில அங்குலங்களுக்குள் கரைந்துபோகும்.

டயருக்கு இன்னொரு வேடமும் உண்டு, அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எஞ்சினிலிருந்து கியர்பெட்டி, கிரவுன், பினியன் வழியாக வரும் சுழற்சியைச் சாலையில் தூரமாக மாற்றும் கடைசிக் கியர் டயர்தான். 10.00-லிருந்து 11.00-க்குப் போனால் வெளிவிட்டம் 1,055-லிருந்து ஏறத்தாழ 1,085 மில்லிமீட்டர் ஆகும்; 3 விழுக்காடு. இழுவிசை அதே அளவு குறையும். பிரேக் டிரம் தரும் முறுக்குவிசை மாறாமல் ஆரம் நீளுவதால், தரையில் கிடைக்கும் நிறுத்துவிசையும் அதே அளவு குறையும். இறக்கத்தில் கியரில் பிடித்து இறக்கும்போது எஞ்சின் தரும் தடையும் அப்படியே. ஸ்பீடோமீட்டர் சுழற்சியை எண்ணித்தான் வேகம் சொல்கிறது. ஆக 80 காட்டும்போது வண்டி 82-க்கு மேல் ஓடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இதே ஏமாற்றம்தான். எரிவாயு டேங்கருக்குச் சட்டம் வைத்த 60 கிலோமீட்டர் வரம்பு, டயரை மாற்றிய வண்டியில் சத்தமில்லாமல் 62-ஐ நெருங்கிவிடும்.

3 விழுக்காடுதானே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 3 விழுக்காடு தனியாக எந்த வண்டியையும் கவிழ்க்காது. தேய்ந்த டயருக்கும் புது டயருக்கும் இடையிலேயே ஒன்றிரண்டு விழுக்காடு வேறுபாடு இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில். பெரிய டயர் போட்டவர் அதைச் சும்மா போடுவதில்லை, கூடுதலாக ஏற்றத்தான் போடுகிறார். 18.5 டன்னில் ஓட வேண்டிய வண்டி 24 டன்னில் ஓடினால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பிரேக் டிரம்மில் கொட்டும் வெப்பம் 30 விழுக்காடு கூடும். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கம் லாரி விபத்துகளுக்குப் பேர்போனது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கும். அங்கே வேண்டியது தாழ்ந்த கியரும் அளவான சுமையும். பெரிய டயர் கியரை உயர்த்துகிறது, சுமையை ஏற்றத் தூண்டுகிறது. இரண்டும் தவறான திசையில்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். அங்கே டயருக்கும் வண்டியின் மற்றப் பாகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் பிரச்சினையாகும் என்பது கூடுதல். முன்சக்கரத்தை முழுதாக ஒடிக்கும்போது அகன்ற டயர் டிராக் ராடையோ மட்கார்டையோ தொடுகிறதா என்பதை நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பின்சக்கர ஜோடிக்கு வருவோம். இரண்டு டயர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி டிஸ்க்கின் அமைப்பால் தீர்மானமாவது. அதே டிஸ்க்கில் அகன்ற டயரை மாட்டினால் இடைவெளி சுருங்கும். காலி வண்டியில் பார்த்தால் விரல் போகும். லோடு ஏறியதும் பக்கச்சுவர் புடைத்து ஒன்றையொன்று உரசும். உரசும் இடத்தில் சூடு, நடுவில் சிக்கிய கல், கடைசியில் தீ. டிஸ்க்கின் அகலமும் டயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: 10.00-க்கு 7.5 அங்குலம், 11.00-க்கு 8 அங்குலம் என்பது பொதுவான பொருத்தம். ஒடுங்கிய டிஸ்க்கில் அகன்ற டயரைப் பிடித்து வைத்தால் நடுப்பகுதி மட்டும் உருண்டு பதிந்து, பட்டன் நடுவில் தேயும். செலவைப் பார்த்து ஜோடியில் ஒன்றை மட்டும் பெரிதாகவோ புதிதாகவோ போடுவது இன்னும் மோசம். இரண்டும் ஒரே ஹப்பில் இறுகியவை, ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றும். விட்டத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒரு சுற்றுக்கு 31 மில்லிமீட்டர் பொருந்தாமல் போகும். லாரி டயர் கிலோமீட்டருக்கு முந்நூறு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றுகிறது. ஆக ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறத்தாழ பத்து மீட்டர் தூரம் ஏதோ ஒரு டயர் தரையில் இழுபடுகிறது. பெரிய டயர் தன் பங்குக்கு மேல் சுமையையும் தாங்கிச் சூடேறுகிறது. ரீட்ரேடு செய்த டயர்களைச் சுற்றளவு பார்த்து ஜோடி சேர்க்கும் பழக்கமுள்ள பட்டறைக்காரர், சூத்திரம் எதுவும் தெரியாமலே இந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிறார்.

பெரிய டயரின் ஆதரவாளர்கள் சொல்வதில் ஒப்புக்கொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. பெரிய டயர் அதே சுமையில் குறைவாகச் சூடேறும். கிலோமீட்டருக்குச் சுற்றும் எண்ணிக்கை குறைவு என்பதால் பக்கச்சுவர் மடங்கி விரியும் தடவைகளும் குறையும். பள்ளத்தில் கொஞ்சம் நயமாக இறங்கி ஏறும். எல்லாம் உண்மை, ஆனால் 'அதே சுமையில்' என்ற நிபந்தனையோடு. தரையிடைவெளி கூடும் என்பதும் உண்மைதான். 30 மில்லிமீட்டர் விட்டம் கூடினால் அச்சு உயர்வது 15 மில்லிமீட்டர். டீசல் விஷயத்தில் குழப்பம் அதிகம். பெரிய டயர் போட்ட வண்டியின் மீட்டர் 1,000 கிலோமீட்டர் காட்டும்போது அது உண்மையில் ஓடியது ஏறத்தாழ 1,028. மீட்டரை நம்பி மைலேஜ் போடுபவருக்குக் குறைந்ததாகத் தெரியும். திருத்திப் போட்டால்தான் சரியான எண் வரும். சமதளத்தில், எஞ்சினுக்கு மிச்சச் சக்தி இருக்கும் வண்டியில் கொஞ்சம் மிச்சமாகலாம். ஏற்றத்தில் ஒரு கியர் இறக்க நேர்ந்தால் அந்த மிச்சம் அங்கேயே தீரும். ஆயுளைக் கூட்டத்தான் பெரிய டயர் என்றால், அதைவிட மலிவான வழி காற்றழுத்தமானி. நம் ஊர்க் கோடையில் ஓடிய டயர் 27 டிகிரியிலிருந்து 77 டிகிரிக்குப் போனால், 120 பவுண்டு காற்று 142 பவுண்டுவரை ஏறும். அதைப் பார்த்துப் பயந்து வழியில் காற்றை இறக்கிவிடுகிறார்கள். இறக்கியதும் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கும், மடங்க மடங்கச் சூடேறும். வெடிக்கக் கூடாதென்று செய்ததே வெடிக்கக் காரணமாகிறது. அழுத்தத்தை அளக்க வேண்டியது டயர் ஆறியிருக்கும்போது.

இனி, பெரிய டயர் உண்மையிலேயே சரியான விடையாக இருக்கும் இடம். ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பரமத்திவேலூர் வழியாக மோகனூர்வரை போகிறது. அந்தப் பாசனத்தில் நிற்கும் வாழை, கரும்பு, நெல் வயல்களுக்குள் டிராக்டர் இறங்குகிறது. தார்ச்சாலை அழுத்தத்தைத் தாங்கும், ஈரமண் தாங்காது. வயலுக்குள் டயர் தரும் அழுத்தம் ஏறத்தாழ உள்ளே அடித்திருக்கும் காற்றின் அழுத்தமே. சேற்றில் பலகை போட்டு அதன்மேல் நடந்தால் கால் புதையாது. அந்தப் பலகையின் வேலையைத்தான் குறைந்த அழுத்தத்தில் அகன்று பதியும் டயர் செய்கிறது. நம் டிராக்டர்களின் பின்சக்கரம் பெரும்பாலும் 13.6-28, 14.9-28, 16.9-28 என்ற மூன்று சைஸ்களுள் ஒன்று. முதல் எண் அங்குலத்தில் அகலம், 28 டிஸ்க்கின் விட்டம். 13.6-லிருந்து 14.9-க்குப் போகும்போது காற்றின் கொள்ளளவு கூடுகிறது, அதே எடையை இன்னும் குறைந்த அழுத்தத்தில் தாங்க முடிகிறது, பதியும் பரப்பு நீள்கிறது, சக்கரம் வழுக்கிச் சுற்றுவது குறைகிறது. மேல்மண் இறுகுவது குறைந்தால் வேருக்கும் நீருக்கும் வழி கிடைக்கும். லாரியில் வீணாகிற அதே சிறப்பு இங்கே முழுதாகப் பயன்படுகிறது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. மேல்மண்ணின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது டயரின் அழுத்தம். ஒன்றரை அடிக்குக் கீழே மண் இறுகுவதைத் தீர்மானிப்பது அச்சில் இறங்கும் மொத்த எடை. டயரை எவ்வளவு அகலமாக்கினாலும் கனமான டிராக்டர் ஆழத்தில் விடும் இறுக்கம் போகாது. நடவுக்குச் சேறடிக்கும்போது நம் விவசாயிகள் இரும்புக் கேஜ் வீல் மாட்டுவதும் இதே கணக்கின் இன்னொரு விடைதான். பரப்பு வேண்டும், எடை வேண்டாம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரில் பின்டயரை மட்டும் பெரிதாக்குவது பெரும்பிழை. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட ஒன்று முதல் ஐந்து விழுக்காடுவரை முந்திச் சுற்றும்படி கியரில் அமைத்திருக்கிறார்கள். 13.6-க்குப் பதில் 14.9 போட்டால் பின்சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடி, அந்த முந்தல் காணாமல் போகும். முன்சக்கரம் இழுப்பதற்குப் பதில் தள்ளப்படும். அதன் கியர்கள் எதிர்த்திசையில் இறுகித் தேயும். மாற்றினால் இரண்டு அச்சிலும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும். காரிலும் அடிப்படை இதேதான்: 185/65ஆர்15-க்குப் பதில் 195/60ஆர்15 போட்டால் விட்டம் ஒரு விழுக்காடுதான் மாறும், ஆசைப்பட்டு 205/65 போட்டால் 4 விழுக்காடு ஏறிவிடும். தயாரிப்பாளர் சொன்ன அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்குமேல் விலகக் கூடாது என்பது டயர்க் கடைக்காரர்களின் பழக்க விதி, நல்ல விதி. வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வதையும் வாங்குமுன் நினைவில் வைக்கலாம்.

வயலுக்கும் சாலைக்கும் ஒரே டிராக்டர்தான் போகிறது என்பது இந்தப் பகுதியின் தீராத சங்கடம். காலையில் 12 பவுண்டில் உழுதுவிட்டு, அதே டயரோடு கரும்பு ட்ரெய்லரை ஆலைக்கு இழுத்தால் பக்கச்சுவர் நசுங்கிச் சூடேறும். சாலைக்கென 25 பவுண்டு அடித்துவிட்டு அப்படியே வயலில் இறங்கினால் மண் இறுகும். ஐரோப்பாவின் பெரிய டிராக்டர்களில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றை ஏற்றவும் இறக்கவும் கருவி உண்டு. இங்கே அதன் விலைக்கு ஒரு ஜோடி பின்டயரே வாங்கிவிடலாம். ஆனால் டிராக்டரிலிருந்தே ஓடும் சிறு கம்பிரசரும், குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் மானியும் அவ்வளவு விலையில்லை. பஞ்சர் கடையில் தொங்கும் லாரி மானியில் 12-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் முள்ளின் ஒரு சிறு அசைவுதான். வயலுக்கு அந்த வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு.